குடியிருக்கும் பேய்கள்

கடை வாசலுக்கு மேலே தங்க நிறத்தில் ஒரு செம்மறியாடு தொங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் பட்டை கட்டித் தூக்கியது மாதிரி, நாலு காலும் அந்தரத்தில்.

"நம்மூர்ல இப்படித் தொங்குனா கறிக்கடைங்ணா. இங்க பாருங்க, தண்ணிக் கடையாமா" என்றான் தம்பி.

இங்கிலாந்தின் வடக்கே, யார்க் நகரத்தில் இருக்கும் 'கோல்டன் ஃபிளீஸ்' கடை அது. தங்கக் கம்பளி என்று வைத்துக்கொள்ளலாம். 1503-ஆம் ஆண்டு நகரப் பதிவேட்டிலேயே இந்தக் கடையின் பேர் இருக்கிறது. உள்ளே கால் வைத்ததும் தரை ஒரு பக்கமாகச் சரிகிறது. ஒரு சொட்டு குடிக்காதவனுக்கும் தள்ளாட்டம் வந்துவிடும். கவுன்ட்டர் ஓரம் ஸ்டூல் போட்டு ஓர் எலும்புக்கூட்டை உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. தம்பி அதில் உட்காராமல் நின்றுகொண்டே எலுமிச்சை சோடாவைக் குடித்தான்.

நாங்கள் அங்கே போனது தற்செயல். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவிகித வரி போட்டது. திருப்பூரில் அந்த மாதம் டீக்கடையில்கூட வரியைத் தவிர வேறு பேச்சு இல்லை. அதற்கு முந்தின மாதம், ஜூலை 24-ஆம் தேதிதான் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன. ஒரு கதவு அடைத்தால் இன்னொரு கதவைத் தட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம். தம்பி ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். என்னோடு கூடப் பிறக்காத தம்பி. தீபாவளி லீவில் கம்பெனி மூடிக்கிடந்த வாரம், சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லீட்ஸ் நகரத்துக்கு வந்தான். ஒரு கட்டுரை தேறுமே என்று நானும் ஒட்டிக்கொண்டேன். சனிக்கிழமை வேலை இல்லை. ரயிலில் அரை மணி நேரத்தில் யார்க்.

"ராத்திரி நடக்கக் கூட்டிட்டுப் போயிப் பேய்க் கதை சொல்றாங்களாம்ணா. நடுநடுவுல கடைகடையா நிறுத்திக் குடிக்கிறதாம். போலாங்ளா?" என்று கேட்டவன் அவன்தான். அவன் குடிக்க மாட்டான். அது ஏன் என்பதை அன்று ராத்திரி மூன்றாவது கடையில் சொன்னான். நாலு வருஷப் பழக்கத்தில் அதுவரை சொன்னதில்லை.

யார்க்கில் பேய் நடை புதுசு அல்ல. ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கிங்ஸ் ஆர்ம்ஸ் கடை வாசலிலிருந்து 1973 முதல் ஒன்று நடக்கிறது. உலகிலேயே முதல் பேய் நடை என்று அதைச் சொல்லிக்கொள்கிறார்கள். இப்போது ஊரில் இப்படி எத்தனையோ. ஒரு பேய் ஆராய்ச்சி அமைப்பு 2002-இல் எண்ணிப் பார்த்து இந்த ஊரில் 504 பேய் இருப்பதாகக் கணக்குக் கொடுத்ததாம். 500 என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்த நாலில் இருக்கிறது வியாபாரம். பீஸ் கணக்குப் போடுகிற ஊரிலிருந்து வந்த எங்களுக்கு அது உடனே புரிந்தது.

எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கறுப்பு நீளக் கோட்டு, உயரத் தொப்பி, கையில் லாந்தர். பதினாலு பேர் கூட்டத்தில் கல்யாணப் பெண்ணும் அவள் தோழிகளுமாக ஆறு பேர், ஒரு ஜெர்மன் குடும்பம், மீதி நாங்கள் எல்லோரும் உதிரி. கிங்ஸ் ஆர்ம்ஸில் தொடக்கம். அந்தக் கடைக்கு ஆறு அடிக்கடி உள்ளே வந்துவிடும். எந்த வருஷம் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று வாசலருகே குறித்து வைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தின் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டுக் கடையைத் திறந்துவிடுவார்களாம்.

எங்கள் நொய்யலுக்கு இப்படிக் கோடு போட்டு வைத்தவர் யாரும் இல்லை. சாயக்கழிவு ஓடிய அந்த ஆற்றுக்கு வேறு அடையாளம் இருந்தது. இந்த வருஷம் ஐரோப்பாவில் என்ன கலர் ஓடுகிறது என்று தெரிய நொய்யலை எட்டிப் பார்த்தால் போதும் என்பது திருப்பூரின் பழைய நக்கல்.

கிங்ஸ் ஆர்ம்ஸிலிருந்து கோல்டன் ஃபிளீஸுக்குக் கிளம்பும்போது, வலப்பக்கம் தள்ளி ஒரு மேட்டின் மேல் விளக்குப் போட்ட கல் கோபுரம் தெரிந்தது. கிளிஃபோர்ட்ஸ் டவர். 1190 மார்ச்சில் யார்க்கின் யூதர்கள் ஏறக்குறைய 150 பேர், ஊர்க் கூட்டத்துக்குப் பயந்து அங்கே அப்போது இருந்த மரக்கோட்டைக்குள் ஒளிந்தார்கள். வெளியே வந்தால் கொலை, இல்லாவிட்டால் மதம் மாற்றம். பெரும்பாலோர் தாங்களே உயிரை விட்டார்கள்; கோட்டை எரிந்தது. உயிர் பிழைத்து வெளியே வந்தவர்களையும் கூட்டம் கொன்றது. வழிகாட்டி லாந்தரை அந்தப் பக்கம் தூக்கிக் காட்டி, இதை மட்டும் குரலைத் தாழ்த்தி, நாலு வரியில் சொன்னார். பேய்க் கதை எதுவும் சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணின் தோழி ஒருத்தி "அங்கே பேய் இல்லையா?" என்று கேட்டாள். "இல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த 'இல்லை' எனக்குப் பிடித்திருந்தது. பேய்க் கதை என்பதே கொஞ்சம் தூரம் விலகின சாவுக்குத்தான். கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்க் குடிக்க முடிகிற சாவாக இருக்க வேண்டும். எல்லாச் சாவும் அப்படி இருப்பதில்லை.

ஆனால் ஷாம்பிள்ஸ் தெருவில் அவரே இந்த நாகரிகத்தை விட்டுவிட்டார். ஒரு காலத்தில் அது கறிக்கடைத் தெரு. கறி தொங்கவிட்ட கொக்கிகள் கடை முகப்பில் இன்னும் இருக்கின்றன. மேல்மாடிகள் இரண்டு பக்கமிருந்தும் தெருவுக்கு மேலே சாய்ந்து முட்டிக்கொள்கிற மாதிரி நிற்கும். அங்கே வாழ்ந்த கறிக்கடைக்காரர் மனைவி மார்கரெட் கிளிதரோ, கத்தோலிக்கப் பாதிரிகளுக்கு வீட்டில் இடம் கொடுத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டார். 1586 மார்ச் 25 அன்று உடம்பின் மேல் கதவை வைத்து, அதன் மேல் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். 1970-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. இந்தக் கதையை நம் ஆள் எலும்பு நொறுங்குகிற சத்தத்தை வாயால் செய்து காட்டித்தான் சொன்னார். கூட்டம் சிரித்தது. 1190-க்குக் குரலைத் தாழ்த்தத் தெரிந்தவருக்கு 1586-க்கு ஏன் தெரியவில்லை? நானூறு வருஷம் போதுமா, எண்ணூறு வருஷம் போதாதா? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. டிக்கெட் வாங்கியவன் தானே நான்.

ஆட்டுக் கடைக்கு வருவோம். ஏன் ஆடு என்று தம்பி கேட்டான். கம்பளிதான் காரணம். நடக்கிற தூரத்தில் 'மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ் ஹால்' என்று ஒரு பெரிய மரக் கட்டடம் இருக்கிறது. 1357-இல் கட்டத் தொடங்கியது. யார்க்கின் துணி வியாபாரிகள் கூடிக் கட்டிய சங்கக் கட்டடம் அது. கடல் தாண்டித் துணி அனுப்பியவர்கள். மேல்மாடிக் கூடத்தில் கணக்கு வழக்கும் விருந்தும். கீழே ஏழைகளுக்குத் தர்ம ஆஸ்பத்திரி.

"அந்தக் காலத்து எக்ஸ்போர்ட்டர்ஸ் அசோசியேசன்ங்ணா" என்றான் தம்பி. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கியது 1990-இல். இடையில் ஆறு நூற்றாண்டுக்கு மேல். ஆனாலும் அந்தக் கூடத்தில் கப்பல் தேதி தவறிப்போனதற்கு யாரோ ஒரு யார்க் மெர்ச்சண்டைசர் திட்டு வாங்கியிருப்பான் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இல்லை. அவன் நேரே ஆடு தொங்குகிற கடைக்குத்தான் வந்திருப்பான்.

கோல்டன் ஃபிளீஸின் பேர்போன பேய் பெக்கெட் சீமாட்டி. 1700-களின் தொடக்கத்தில் நகர மேயராக இருந்த ஜான் பெக்கெட்டின் மனைவி. நடுராத்திரியில் மாடிப்படியில் உலாவுகிறாராம். கடைக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கும் அவர் பேர்தான். மேயரின் மனைவி செத்து முந்நூறு வருஷம் கழித்தும் பேர் சொல்ல ஒரு சந்தும் ஒரு கடையும் இருக்கின்றன. நம்மூரில் மேயராகவே இருந்தாலும் இது கஷ்டம்.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. பேய்க்கு வேண்டியது இருட்டு அல்ல. ஒரு முகவரி.

இங்கிலாந்தில் மதுக்கடைக்கு வெளியே அடையாளப் பலகை தொங்க வேண்டும் என்று 1393-இலேயே இரண்டாம் ரிச்சர்டு அரசர் காலத்தில் சட்டம் வந்துவிட்டது. சரக்கைச் சோதிக்க வருகிற அதிகாரிக்குக் கடை தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். படிக்கத் தெரியாத சனம், அதனால் படம்: ஆடு, நட்சத்திரம், அன்னம். சோதனைக்காகத் தொங்கவிட்ட பலகை காலப்போக்கில் பேர் ஆனது. பேர் இருந்ததால் கதை ஒட்டிக்கொண்டது. கதையோடு பேயும் வந்து சேர்ந்தது.

நம் கதை நேர் எதிர். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கருணாநிதி ஆட்சியில் கடை திறந்தது. சில ஆண்டுகளில் மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. இந்தத் திறப்பு மூடல்களில் எந்தக் கடைக்கு வயது ஏறும்? ஒரு தலைமுறை குடித்த இடத்தில் அடுத்த தலைமுறை குடிக்கவில்லை. கடைக்குப் பேரும் கிடையாது, எண் மட்டும்தான். குடிக்கிறவன் "நம்பர் கடை" என்பான், அல்லது பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்க், பாலம் எதையாவது சொல்வான்.

மூடின கடை பேராக மட்டும் சில இடங்களில் தங்கிவிட்டது. ஈரோட்டில் கள்ளுக்கடை மேடு என்றொரு இடம். கள் இல்லை, பேர் இருக்கிறது. பெரியார் 1921-இல் கள்ளுக்கடை மறியல் நடத்தி, தன் தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டித் தள்ளிய ஊர்க்காரர். மறியலை நிறுத்தச் சொன்னவர்களிடம் காந்தி, அது என் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்ற அர்த்தத்தில் பதில் சொன்னது நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும். அந்த ஊரில் பஸ்ஸில் ஏறி "கள்ளுக்கடை மேடு ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் கேட்கும்போது நாம் யாருடைய பேரைச் சொல்கிறோம்? யார்க்காரன் கையில் இந்த ஒரு பேர் கிடைத்திருந்தால் லாந்தரோடு வந்து நின்றிருப்பான்.

மூன்றாவது கடை 'யே ஓல்டு ஸ்டார் இன்'. ஸ்டோன்கேட் தெருவில், சந்துக்குள் ஒளிந்திருக்கும். அதன் பேர்ப் பலகை மட்டும் தெருவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பாலம் மாதிரித் தாண்டி நிற்கிறது. 1644-இல் உரிமம் பெற்றது. அதே வருஷம் ஜூலை 2-ஆம் தேதி, ஊருக்கு வெளியே மார்ஸ்டன் மூர் வெளியில் அரசர் படையும் நாடாளுமன்றப் படையும் மோதின. காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து இந்தக் கடையின் நிலவறையில் போட்டார்களாம். காலை வெட்டும்போது எழுந்த அலறல் இன்னும் ராத்திரியில் கேட்கும் என்பது கதை. நாங்கள் உட்கார்ந்திருந்த மேசைக்குக் கீழேதான் அந்த நிலவறை. மேலே பாட்டு, சிரிப்பு, உருளைக்கிழங்கு வறுவல். குழந்தைகளோடு ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பாட்டி தனியாக உட்கார்ந்து அரை டம்ளர் பீரை ஒரு மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

தம்பி அந்தப் பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா இப்படி ஒரு கடையில உட்கார்ந்து சாப்புடறத நெனச்சுப் பாக்கறேன்ங்ணா. முடியல."

அப்புறம் சொன்னான். அவன் அப்பா சிங்கர் டைலர். வாரச் சம்பளம், சனிக்கிழமை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற காசு வீட்டுக்கு வருவதற்குள் வழியில் ஒரு கடை. திருப்பூரில் 'கட்டிங்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. துணியை வெட்டுவதும் கட்டிங்தான். ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதும் கட்டிங்தான். அவன் அப்பா இரண்டிலும் கெட்டிக்காரர். தகரக் கூரை பார், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட். உட்கார்ந்து பேசுகிற இடமல்ல. நின்றபடி ஊற்றிவிட்டுப் போகிற இடம். அம்மா அந்தக் கடையைப் பற்றி வாயைத் திறந்தால் சாபம்தான் வரும். 2012-இல் அப்பா ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

"முதல் வருஷம் செத்த நாளுக்குப் படையல் வெச்சமுங்ணா. கோழிக் குழம்பு, முட்டை, பரோட்டா, ஒரு கட்டு பீடி. கடைசியா எங்கம்மா உள்ள போயி ஒரு குவார்ட்டரக் கொண்டாந்துச்சு. மாமங்கிட்டக் காசு குடுத்து வாங்கி வெச்சிருக்குது. கையில தொடலைங்ணா. சீலைத் தலைப்புல புடிச்சுக் கொண்டாந்து எலையில வெச்சுது. இருவது வருஷம் வைஞ்சுதுங்களே, அந்த அம்மாதான். கும்பிட்டு முடிச்சதும், இத யாரும் குடிக்கப்படாதுன்னு கொண்டுபோயி முருங்கை மரத்துக்கு ஊத்திருச்சு."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த வருஷம் முருங்கை நல்லாக் காச்சுதுங்ணா" என்று சிரித்தான்.

நான் அதுவரை யார்க்கையும் எங்கள் ஊரையும் ஒப்பிட்டு, அங்கே இருக்கிறது இங்கே இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு அங்கே தப்பியது. அவர்கள் ஊரில் பேய் கடைக்கு வந்து குடிக்கிறவர்களோடு உட்காருகிறது. எங்கள் ஊரில் நாங்கள் பாட்டிலை எடுத்துக்கொண்டு பேய் இருக்கும் இடத்துக்குப் போகிறோம். ஊர் எல்லையில் கருப்பராயனுக்குச் சாராயமும் சுருட்டும் வைக்காத ஊர் கொங்கு நாட்டில் எத்தனை? முனியப்பன் கோயிலில் கிடா வெட்டுகிற நாளில் மூடியைத் திருகி, முதலில் சாமிக்கு என்று தரையில் ஊற்றுகிற கையை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தச் சாமிகளில் பல, ஒரு காலத்தில் சண்டையில் செத்தவர்கள், துர்ச்சாவு அடைந்தவர்கள். செத்தவனைப் பேயாக அலைய விடாமல் சாமியாக உட்கார வைப்பது நம் வழக்கம். உட்கார வைத்துவிட்டால் அதற்குக் குடிக்கவும் கொடுத்தாக வேண்டும். இப்படிப் பார்த்தால் யார்க்கின் 504 எங்களுக்குப் பெரிய எண்ணிக்கை இல்லை.

கடைசியாக அழைத்துப்போனது ட்ரெஷரர்ஸ் ஹவுஸ் மாளிகைக்கு. உள்ளே விடவில்லை, வெளிச்சுவரோரம் நின்று கேட்டோம். அன்றைய கதைகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். 1953-இல் ஹாரி மார்ட்டின்டேல் என்கிற பையன், பிளம்பர் வேலை பழகுகிறவன், அந்த மாளிகையின் நிலவறையில் ஏணி போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். எக்காளச் சத்தம் கேட்டது. சுவருக்குள்ளிருந்து ரோமானியச் சிப்பாய்கள் வரிசையாக வந்தார்கள். களைத்துப்போய், தாடி வளர்ந்து, முழங்காலுக்குக் கீழே காலே இல்லாமல். நிலவறையில் ஓர் இடத்தில் பழைய ரோமானியச் சாலையைத் தோண்டித் திறந்து வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளத்துக்கு வந்தபோதுதான் அவர்களுடைய கால் தெரிந்தது. ஆயிரத்து எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தின தரையில் அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நம் தரைதான் மேலே ஏறிவிட்டது. பையன் ஓடிப்போனான். பிறகு போலீஸ்காரனாக வேலை பார்த்தான். இருபது வருஷத்துக்கு இதை வெளியே பெரிதாகச் சொல்லவில்லை.

நான் பேயை நம்புகிறவன் அல்ல. ஆனால் முழங்காலுக்குக் கீழே கால் இல்லை என்கிற அந்த ஒரு விவரத்தை இட்டுக்கட்ட ஒரு பிளம்பர் பையனுக்குத் தோன்றியிருக்குமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

யார்க் நகரத்தை ரோமானியர் தண்டு இறங்கிக் கட்டியது கி.பி. 71-இல். அந்தக் காலத்தில் நொய்யல் கரை சும்மா இருக்கவில்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலை ஒட்டி இருக்கும் கொடுமணலில் சூதுபவளத்தை அறுத்து மணி செய்துகொண்டிருந்தார்கள், இரும்பு உருக்கினார்கள், பானையில் தங்கள் பேரைத் தமிழியில் கீறி வைத்தார்கள். நூல் நூற்கும் தக்களி வட்டுகள் அங்கே தோண்டி எடுக்கப்பட்டன. காங்கயம் பக்கம் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. மேற்குக் கடற்கரைக்குப் போகும் பெருவழி அந்தப் பக்கம்தான் போனது. அதன் வழியே ரோமானியக் காசு வந்தது. திருப்பூருக்கு அருகே கத்தாங்கண்ணியில் அந்தக் காசுகள் புதையலாகவே கிடைத்திருக்கின்றன. கொடுமணலைச் சுற்றி நூற்றுக்கணக்கில் ஈமக் குழிகள். செத்தவரோடு மணியையும் வாளையும் பானையையும் வைத்து மூடியவை. 1980-களிலிருந்து பல முறை தோண்டினார்கள். அந்தக் காட்டுக்குள் லாந்தரோடு நடந்தால் ஒரு ராத்திரி போதாது. ரோமானியனுக்குச் சரக்கு அனுப்பியவனின் பேரன்கள் அவன் ஊர்க்காரனுக்கே பனியன் அனுப்ப வந்து, அவன் பேயின் கதையைக் காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

"நம்மூர்ல நடத்துனா எங்கெங்க நிறுத்துவீங்ணா?" என்று ரயிலில் கேட்டான் தம்பி.

திருப்பூர் திரும்பியதும், நவம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, எட்டு மணிக்கு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடந்தோம். லாந்தர் இல்லை. செல்போன் டார்ச்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குமரன் நினைவிடத்தில் தொடங்கினோம். 1932 ஜனவரி 10 அன்று கொடியோடு ஊர்வலம் போனவரை போலீஸ் தடியால் அடித்தது. மண்டை உடைந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 27. சென்னிமலையில் பிறந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை. இங்கே பேய்க் கதை சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. யார்க் வழிகாட்டியின் அந்த 'இல்லை' ஞாபகம் வந்தது. அங்கிருந்து காதர்பேட்டை. அந்த நேரத்திலும் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. பேய் வந்தாலும் "ஓரம் போங்க" என்பார்கள்.

நொய்யல் பாலத்தில் கொஞ்சம் நின்றோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு முழுமையாகவில்லை என்பதால். கீழே ஒரத்துப்பாளையத்தில், பாசனத்துக்கென்று 1992-இல் கட்டின அணை சாயத்தண்ணீரைத் தேக்கும் குட்டையாகிவிட்டிருந்தது. தண்ணீர் இருந்தும் பாயாத வயல்கள், உப்பு ஏறிய கிணறுகள். ஒரு ஆறு செத்துவிட்டு அதே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பேய் என்று சொன்னால் யார்க்காரன் ஒத்துக்கொள்வானா தெரியாது.

யூனியன் மில் ரோட்டில் ஒரு டீக்கடை. அங்கே ஒரு பழைய டைலர் மாட்டினார். 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் ஊரே வேலைநிறுத்தம் செய்தபோது அவர் கைமடிப் பையன். பேய்க் கதை கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு, ஆளே இல்லாத கம்பெனியில், பவர்டேபிள் தானாக ஓடுமாம். ஒரே மோட்டாரில் மேசைக்கடியில் ஷாஃப்ட் சுழல, வரிசையாக எல்லா மிஷினும் உறுமுமாம். வாட்ச்மேன் வேலையை விட்டே ஓடிவிட்டார். "அப்புறந்தானுங்க தெரிஞ்சுது. சாயங்காலம் கரண்ட் போனப்ப சுச்ச நிறுத்தாமயே எல்லாரும் ஊட்டுக்குப் போயிட்டாங்க. ரெண்டு மணிக்கிக் கரண்ட் வந்துருச்சு." மின்வெட்டுக் காலத்தில் திருப்பூரில் எத்தனை பேய்கள் இப்படிப் பிறந்து இறந்தனவோ.

டீ ஆற்றிய பையன் ஒடிசாக்காரன். அவனிடமும் கேட்டான் தம்பி, "இங்க பேய் பாத்திருக்கியாப்பா?" அவன் யோசித்து, ஒட்டுத் தமிழில் சொன்னான்: "பேய் ஊர்ல இருக்கு அண்ணா. இங்க நம்மள யாருக்குத் தெரியும், எப்படி வரும்?"

கடைசி நிறுத்தம் தம்பி வைத்தது. அப்பா குடித்த கடை. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆயிரக்கணக்கான கடைகள் மூடின. மூடினவற்றில் பல ஊருக்குள் இடம் தேடி அலைந்தன. அந்த மாதம்தான் இதே மாவட்டத்துச் சாமளாபுரத்தில், கடை வேண்டாம் என்று ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் ஒருவரை ஒரு போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. தம்பியின் அப்பா குடித்த கடையும் அந்த அலையில் பெயர்ந்து போனது. எண் பலகையையும் கழற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி.

பழைய இடத்தில் இப்போது செல்போன் கடை. வாசலில் தகரக் கூரை போட்ட பாருக்கு நட்ட இரும்புக் கால்களில் ஒன்றை மட்டும் அறுக்காமல் விட்டிருந்தார்கள். அதில் ஒரு சார்ஜர் விளம்பரம் கட்டியிருந்தது.

தம்பி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நம்பரும் போயிருச்சு, கடையும் போயிருச்சு. எங்கப்பன் வந்தாலும் எங்கீங்ணா போயித் தேடுவாரு?"

உள்ளேயிருந்து கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியபடி குனிந்து எட்டிப் பார்த்தார்.

"ரீசார்ஜுங்ளா?"